மொட்டை மாடி மெனு: அடுப்பே வேணாம் பாஸ்!

ஃபைனல் இயர் சீனியர்ஸுக்கு ட்ரீட் கொடுக்கணும். ஹாஸ்டல்ல அடுப்பு பத்தவெச்சா வார்டன் நம்மளைப் பத்தவெச்சிடுவார். வெளியில அக்னி நட்சத்திரம். பிரியாணி பார்சல் சொல்லியாச்சு, ஆனா கூட என்ன? அதே தயிர் வெங்காயமா? இந்த வாரம் 'ஸ்லா' பண்ணுவோம் மக்களே!

கோல்ஸ்லாங்கற பேரு டச்சு மொழியிலேர்ந்து வந்தது. 'கோல்'னா கோஸ், 'ஸ்லா'ன்னா சாலட். சிக்கன் கடையில சின்ன டப்பாவுல வெள்ளையா வருமே, அதேதான். ஆனா நாம மயோனைஸ் பக்கமே போகப் போறதில்லை. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8-லேர்ந்து ஒரு வருஷம் தடை போட்டது ஞாபகம் இருக்கா? சால்மொனெல்லா பயம்தான் காரணம். இருபது பேர் சாப்பிட்டுட்டு மறுநாள் செமஸ்டர் எழுதணும், ரிஸ்க் எடுக்காதீங்க.

பதினைஞ்சு, இருபது பேருக்கு தொட்டுக்கற அளவுக்கு: அரைக் கிலோ முட்டைகோஸ், ரெண்டு நூக்கல், ரெண்டு கேரட், ஒரு கிளிமூக்கு மாங்காய். நூக்கலைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. சாம்பார்ல வெந்து கொழகொழன்னு கிடக்கற நூக்கல் வேற, பச்சையா கடிக்கற நூக்கல் வேற! கோஸும் அதுவும் தாவரவியல்படி ஒரே இனம்தான், தெரியுமா?

மொறுமொறுப்புக்கு ரகசியம், பிளஸ் டூவுல மனப்பாடம் பண்ணின ஆஸ்மாசிஸ். கோஸோட மேல் இலைகளை எடுத்துட்டு, மத்த இலைகளை ஓடற தண்ணியில கழுவி, மெல்லிசா நறுக்கி, ஒண்ணரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசிறி இருபது நிமிஷம் விடுங்க. உப்பு தண்ணியை வெளியே இழுத்துடும். கையால இறுக்கிப் பிழிஞ்சுடுங்க. இதைச் செய்யலைன்னா அந்தத் தண்ணி பாத்திரத்துக்குள்ள இறங்கி, ஸ்லா ரசமாயிடும். நூக்கல், கேரட், மாங்காய்க்கு நேர் எதிர் ட்ரீட்மென்ட். தீக்குச்சி மாதிரி நறுக்கி ஐஸ் தண்ணியில பதினைஞ்சு நிமிஷம் போட்டு, நல்லா வடிகட்டினா 'கடக் கடக்'னு நிக்கும். ஐஸும் கேன் தண்ணியிலேயே போட்டதா இருக்கட்டும். (நறுக்கறது பொண்ணுங்க வேலைன்னு ஓரமா உட்காராதீங்க சார்களே. கத்திக்கு ஆண், பெண் தெரியாது!)

டிரஸ்ஸிங்கில ஒரு சின்ன கெமிஸ்ட்ரி. ஒரு டீஸ்பூன் கடுகுப் பொடியை ரெண்டு ஸ்பூன் பச்சைத் தண்ணியில குழைச்சு பத்து நிமிஷம் வைங்க. காரம் மூக்குல ஏறும். அதுக்கப்புறம்தான் மூணு எலுமிச்சம்பழச் சாறு. முதல்லயே புளிப்பு சேர்த்தா கடுகு சரியா வேலை செய்யாது. கூட நசுக்கின பச்சை மிளகாய் ரெண்டு, ஒரு டேபிள்ஸ்பூன் வெல்லத்தூள், ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், கொத்தமல்லி. கோஸ்ல ஏற்கெனவே உப்பு இருக்கு, ருசி பார்க்காம இன்னும் போட்டுடாதீங்க.

காயும் டிரஸ்ஸிங்கும் தனித்தனி டப்பாவுல மாடிக்குப் போகட்டும். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு கலங்க. ரெண்டு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை கடைசியில. 32 டிகிரிக்கு மேல வெயில் அடிச்சா, நறுக்கின காயை ஐஸ் இல்லாம ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்கக்கூடாது. மிச்சமானதை 'நைட்டு பார்த்துக்கலாம்'னு ரூமுக்குத் தூக்கிட்டுப் போற பார்ட்டியை அங்கேயே தடுத்திடுங்க.

தட்டு எதுக்கு? சேலத்துல தட்டுவடை செட் சாப்பிட்டிருக்கீங்களா? ரெண்டு குட்டித் தட்டைக்கு நடுவுல சட்னி, துருவின பீட்ரூட், கேரட் வெச்சுக் கொடுப்பாங்க. அதே டெக்னிக்தான். ஒரு தட்டை, மேல ஒரு ஸ்பூன் ஸ்லா, மூட இன்னொரு தட்டை. அடுக்கின உடனே வாயில போட்டுடணும், நமுத்துடும். உங்க கேங்குல சேலத்துக்காரர் யாராவது இருந்தா கரண்டியை அவர் கையில கொடுத்துடுங்க. மத்தவங்க க்யூவுல நிக்கலாம்!