மூன்றாம் நாள் வாலாட்டினால்...



இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை உண்ணியைப் பற்றியும் கருத்தடை ஆபரேஷனைப் பற்றியும்தான். கேள்விகள் பலவிதம், சிக்கல் என்னவோ ஒரே இடத்தில்தான். நாய் தெளிந்துவிட்டதாகத் தெரிந்ததும் நம் கவனிப்பு நின்றுபோகிறது.

உண்ணிக் காய்ச்சலையே பாருங்கள். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் ஏறும். பிளேட்லெட் குறையும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தமே வடியும். டாக்சிசைக்ளின் கொடுக்கத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டு, சாப்பாட்டுத் தட்டை உருட்ட ஆரம்பித்துவிடும். டாக்டர் எழுதித் தருவது வழக்கமாக 28 நாளுக்கு. நம் வீடுகளிலோ பத்தாம் நாளே மாத்திரை அட்டை ஃபிரிட்ஜ் மேல் ஏறிவிடுகிறது. மிச்சக் கிருமி உள்ளேயே பதுங்கியிருந்து, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கலாம்.

நாயின் மேல் இருக்கும் உண்ணியைப் பிடுங்கிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வயிறு புடைத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ கதவு நிலை இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் நாய் படுக்கும் மூலையில் உண்ணிகள் மேல்நோக்கி ஊர்ந்து போவது தெரியும். அந்த வெடிப்பைச் சிமென்ட் வைத்து அடைப்பதும் சிகிச்சைதான். கூடவே ஒன்று: பெர்மெத்ரின் கலந்த நாய்ச் சொட்டு மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடாதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமாலும் வேண்டாம். இரண்டும் பூனையின் உயிரைக் குடிப்பவை.

ஆபரேஷன் விஷயத்துக்கு வருவோம். சென்னையில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து திரும்ப விடும் வேலையை ப்ளூ கிராஸ் 1964-லேயே தொடங்கியது; ஆகவே இது புதுச் சங்கதி அல்ல, மிரள வேண்டியதில்லை. ஆபரேஷன் முடிந்த அன்று இரவு மட்டும் பக்கத்தில் இருங்கள். மயக்கம் தெளியும்போது உடம்பு குளிர்ந்து நடுங்கும். டைல்ஸ் தரையில் விடாமல் சாக்கை விரித்து, மேலே பழைய சேலையைப் போடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி உடம்புக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வாந்தி எடுக்கக்கூடும்.

ஆபத்து மூன்றாம் நாள்தான். வால் ஆடும், சோபாவில் தாவப் பார்க்கும், தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கோனோடு கட்டிலில் முட்டிக்கொண்டு நம்மைப் பாவமாகப் பார்க்கும். "போதும், கழற்றிவிடலாமே" என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொல்வார். அந்தப் பார்வைக்கு மசியாதீர்கள்! ஒரு ராத்திரி நக்கினாலே தையல் பிரிந்துவிடும். தாவினால் உள்தையலும் விட்டுப்போகலாம். பத்து முதல் பதினான்கு நாள் வரை கோன் இருக்கட்டும். குளியல் கூடாது, மாடிப்படி கூடாது, வெளியே போனால் கயிற்றோடுதான்.

மஞ்சள் பூசலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். லேசான வீக்கம் சகஜம். நீர் கசிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, கை வைத்தால் சுட்டாலோ மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

பூனைக்குக் கோன் மாட்டுவது தனி வித்தை. உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்