மரம் அழகு, பல் எப்படி?

மிளகு மில் என்றதும் ரைஸ் மில், ஆயில் மில் மாதிரி ஒரு பெரிய கட்டடம் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. இது அதுவல்ல. அமெரிக்கா, இங்கிலாந்துப் பக்கம் சாப்பாட்டு மேஜையில் நிற்கும் கைக்கு அடக்கமான மரக்கட்டை. தலையைப் பிடித்துத் திருகினால் கீழே மிளகுத்தூள் உதிரும்.

அங்கே வீட்டு ஷெட்டில் ஒரு லேத் போட்டு, வால்நட், செர்ரி, மேப்பிள் என்று விதவிதமான மரங்களைக் கடைசல் பிடித்து, இந்த மில்களைச் செய்து விற்பவர்கள் நிறையப் பேர். மரம் முழுக்க அவர்கள் கைவேலை. உள்ளே இருக்கும் அரைக்கும் மெக்கானிசத்தை மட்டும் கடையில் வாங்கிப் பொருத்துவார்கள். கதையில் வில்லன் வருவது இங்கேதான் :-)

பொருளாதாரப் பாடத்தில் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய பழைய கார் கட்டுரை ஞாபகம் இருக்கிறதா? விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், நல்ல சரக்கும் மட்டமான சரக்கும் ஒரே விலைக்குப் போகும். கடைசியில் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும். கைவினை மிளகு மில் அதற்கு அச்சு அசலான உதாரணம். வாங்குபவர் பார்ப்பது மரத்தின் ரேகையையும் பாலிஷையும். காசு கொடுப்பது அரைப்பதற்கு. அரைக்கிற பல்லோ உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

பழைய, மலிவான வகையில் ஒரு உலோகத் தண்டு அடியிலிருந்து தலை வரை போகும். உச்சியில் ஒரு நட்டு. அதை இறுக்கினால் தூள் நைசாகும், தளர்த்தினால் கொரகொரப்பாகும். கேட்க எளிது. ஆனால் நைசாக வேண்டுமென்று இறுக்கினால் தலை திரும்பவே கஷ்டப்படும். திருகத் திருக நட்டு தானாகத் தளரும். மிளகு நிரப்ப நட்டைக் கழற்ற வேண்டும், அத்தோடு முன்பு வைத்த அளவும் போச்சு.

இதற்கு மாற்றாக வந்தது டென்மார்க்கின் க்ரஷ்கிரைண்ட். அரைபற்கள் செராமிக். அளவை மாற்றும் திருகு அடியிலேயே இருப்பதால் தலையைக் கழற்றி நிரப்பினாலும் அளவு மாறாது. உச்சியில் நட்டு தேவையில்லை, ஆகவே கடைபவர் தலையை எந்த வடிவத்திலும் செய்யலாம். செராமிக்குக்குத் துருப்பிடிக்காது என்பதால் உப்பும் போடலாம். சாதாரண எஃகு மெக்கானிசத்தில் உப்பைப் போட்டால் அது ஈரத்தை இழுத்து, பல்லை அரித்துவிடும்.

எஃகு மட்டம் என்று அர்த்தமில்லை. பிரான்ஸின் பெஜோ கார் விற்க வருவதற்கு முன்பே, 1874-லேயே மிளகு மில் விற்றது. அவர்களுடைய சிங்கச் சின்னம்கூட முதலில் ரம்பத்துக்கு வைத்ததுதான். அந்த மில்லின் கடினமாக்கப்பட்ட எஃகுப் பற்கள் மிளகை முதலில் உடைத்து, பிறகு அரைக்கும். வெறும் மிளகுக்கு அந்த மாதிரி நல்ல எஃகு போதும். தகராறு எஃகோடு இல்லை, அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் மெல்லிய எஃகோடுதான்.

விலைக் கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு, மில் 80 டாலருக்கு விற்கிறது, மலிவான கிட் 7 டாலர், நல்லது 18 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 11 டாலர். அந்த மில் கல்யாணப் பரிசாகப் போய், இரண்டே வருஷத்தில் அரைக்காமல் நின்றால், அந்தக் குடும்பமும் அவர்கள் சொந்தக்காரர்களும் கடைசல் மில் பக்கமே திரும்ப மாட்டார்கள். லாப நஷ்டக் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? நல்லதைப் போட்டு விலையை 91 ஆக்குவது நேர்மை. ஏன் கூடுதல் விலை என்று சொல்லி விற்பது வியாபாரம்.

மெக்கானிசம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். க்ரஷ்கிரைண்டின் பக்கவாட்டில் சிறு கொக்கிகள் இருக்கும். துளைக்குள்ளே ஒரு காடி வெட்டினால் அவை 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும். காடி வெட்டத் தனி உளி வேண்டும், பொறுமை வேண்டும். பலர் கொக்கியை அறுத்து எறிந்துவிட்டு எபாக்ஸி பூசி ஒட்டிவிடுகிறார்கள். மரமோ ஈரப்பதத்துக்கு ஏற்ப வீங்கும், சுருங்கும். வட்டத் துளை நாளடைவில் முட்டை வடிவமாகும். ஒட்டினது ஒன்று விட்டுப்போகும், அல்லது மரம் விரியும். பல் தேய்ந்தால் மாற்றவும் வழியில்லை. நூறு வருஷம் நிற்கக்கூடிய வால்நட் கட்டை ஒரு சின்ன உதிரிபாகத்துக்காகக் குப்பைக்குப் போகிறது. அதைவிட இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் மலிவு கிட்டே மேல். அதையாவது கழற்றி எறிந்து வேறு போடலாம்.

அந்தப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் கைவினைச் சந்தையில் இப்படி ஒரு மில்லைப் பார்த்தால், முதலில் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கவும். விற்பவர் சிரித்துக்கொண்டே மெக்கானிசத்தின் பெயரையும் கழற்றும் விதத்தையும் சொன்னால் பர்ஸை எடுக்கலாம். பேச்சை மரத்துக்கே திருப்பினால், ஓரத்தில் பசைக் கோடு தெரிகிறதா என்று இன்னொரு தரம் பாருங்கள்.