தொடக்கநிலை மால்ட்டும் தேயிலைக்காரன் நாக்கும்

சிங்கிள் மால்ட் விஸ்கி குறித்துத் தமிழில் நான் வாசித்த குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு விதமானவை. விலையையும் வயதையும் சொல்லி வியப்பவை ஒரு வகை. புட்டியின் அட்டையில் உள்ளதை அப்படியே மொழிபெயர்த்துத் தருபவை மற்றொரு வகை. இரண்டிலும் எழுதியவரின் நாக்கு எங்கே இருந்தது என்று தெரிவதில்லை. ஒரு தொடக்கநிலை மால்ட்டை மதிப்பிட நமக்கு வெளியிலிருந்து அளவுகோல் தேவையில்லை என்பது என் கருத்து. கூடலூரைப் போன்ற தேயிலை ஊரில் அந்த அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது.

குன்னூர் ஏல மையம் 1963 முதல் இயங்கி வருகிறது. அங்கே ஏலத்துக்கு வரும் தூளை டீ டேஸ்டர்கள் சோதிக்கும் முறை எளிமையானது, கண்டிப்பானது. எல்லா மாதிரிக்கும் ஒரே எடை, ஒரே அளவு கொதிநீர், ஒரே கால அளவு. ஐந்தாறு நிமிடம் ஊறியதும் சாற்றின் நிறம் பார்த்து, மணம் பிடித்து, காற்றும் கலக்கும்படி ஓசையெழ உறிஞ்சி, நாக்கின் எல்லாப் பக்கமும் படரவிட்டு, பிறகு துப்பிவிடுவார்கள். சுவைப்பது வேறு, குடிப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லிவிட முடியாது.

இந்த முறையை கிளென்ஃபிடிக் 12 ஆண்டு மால்ட்டிடம் கொண்டுசெல்வோம். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில், டஃப்டவுனில் உள்ள இவ்வடிசாலையில் 1887 கிறிஸ்துமஸ் நாளன்று முதல் சாராயம் வடிந்தது. கலப்பு விஸ்கிகளே கோலோச்சிய காலத்தில், 1963 முதல் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே முனைந்து விற்றவர்கள் இவர்கள். முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில் செப்புக் கலங்களில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு வைத்தால்தான் ஒன்றை சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்று அழைக்கலாம். இது பன்னிரண்டு ஆண்டு கிடந்தது. வலிமை 40 விழுக்காடு, அதாவது சட்டம் அனுமதிக்கும் கீழெல்லை.

முகர்ந்தவுடன் எழுவது பேரிக்காய். ஆங்கிலக் குறிப்புகளும் இதையே சொல்லும். ஆனால் நீலகிரிச் சாலையோரக் கூடைகளில் விற்கும் பேரிக்காயைக் கடித்தவருக்கு இது இரவல் சொல்லாகாது. அடுத்து மெல்லிய தேன், பிறகு அமெரிக்க ஓக் தரும் வெனிலா, ஷெர்ரிப் பீப்பாயிலிருந்து சிறிது உலர்திராட்சை. இறுதியில் நாவின் ஓரங்களை இறுக்கும் துவர்ப்பு. ஓக் மரத்தின் இத்துவர்ப்பும் தேநீரின் துவர்ப்பும் உறவுக்காரர்கள்; பால் சேர்க்காத தேநீர் பழகியவருக்கு இது உடனே பிடிபடும். இரண்டு மூன்று துளி நீர் விட்டால் மணம் விரிகிறது. அதற்கு மேல் விட்டால் நீர்த்துவிடுகிறது. சுவை சீக்கிரம் மறைகிறது. என் தீர்ப்பு இதுதான்: பிசகற்ற, சுத்தமான வடிப்பு; துணிச்சல் குறைவு. எழுத்துப்பிழை இல்லாத, மறுநாள் நினைவில் நிற்காத ஒரு சிறுகதையைப் போல.

பன்னிரண்டு என்ற எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரில் அது 10 விழுக்காட்டுக்கும் மேல். மரமும் சாராயமும் அங்கே விரைவாகவே கலந்து பேசிவிடுகின்றன. அதனால்தான் பெங்களூரின் அம்ருத், தன் அடிப்படை மால்ட்டில் வயதைக் குறிப்பதில்லை. 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமான அந்த நிறுவனத்தின் ஃபியூஷனை, 2010ஆம் ஆண்டுக்கான தன் நூலில் ஜிம் மர்ரி உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகத் தேர்ந்தார். அம்ருத்தின் 46 விழுக்காட்டு அடிப்படை மால்ட்டையும் கிளென்ஃபிடிக்கையும் அருகருகே வைத்துச் சுவைத்தால், முன்னதன் காரமும் வெல்லப்பாகின் அடர்த்தியும் தனித்துத் தெரியும். எனக்கு அதுவே உவப்பு. ஆனால் மால்ட் என்றால் என்னவென்று கற்கத் தொடங்குபவருக்கு மென்மையான ஸ்காட்ச்சையே முதலில் தருவேன்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் வழியே அரசே நடத்தும் மாநிலம் இது. கழிவுப்பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த வெறும் சாராயத்துக்கு நிறமும் மணமும் ஊட்டியதே மலிவு விஸ்கியாக விற்கிறது. அதை நின்றபடி ஒரே மடக்கில் விழுங்கிச் செல்கிறவர்களில் தேயிலைத் தொழிலாளர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது கூலியில் எஞ்சியதைப் பொறுத்தது. இந்த ஊரில் உட்கார்ந்து பேரிக்காய் மணத்தை ஆராய்வது முறையா?

கேள்வி நியாயமானது. ரசனை எவரையும் குடியிலிருந்து காக்காது. ரசிகன் என்ற பெயரில் குடிகாரனாவதும் எளிது. சுவைத்தபின் துப்ப முடிகிறதா என்பதே ஒருவர் தம்மைச் சோதித்துக்கொள்ளும் வழி. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்கவும் வேண்டாம். விற்பவர் சொல்லை ஏற்காமல் தன் நாக்கை நம்பும் பழக்கத்தை நம் ஊர்த் தேநீரிலேயே பெறலாம். நல்ல இலைத்தூளை வெளியே அனுப்பிவிட்டு, டஸ்ட் தூளைப் பாலில் கொதிக்கவிட்டுச் சர்க்கரையில் மூழ்கடிக்கும் நமக்கு, மால்ட்டைவிட அந்தப் பாடமே அவசரமானது.