கடலிற் கரைத்த பெருங்காயம்

பயனின்றி மறைந்தொழிந்த முயற்சியைக் ‘கடலிற் கரைத்த பெருங்காயம்’ என்று நம்மவர் கூறுவர். கடல் பெரிது, அதிற் சேர்வது எதுவாயினும் சுவடின்றி மறையும் என்னும் எண்ணத்தின்மீதே இப்பழமொழி நிற்கின்றது. பெருங்காயத்தின் மட்டில் அது மெய்யாகலாம். இருபதாம் நூற்றாண்டில் மனிதன் ஆக்கிய சில இரசாயனப் பொருள்களுக்கோ அது சிறிதும் பொருந்தாது. கடலிற் கரைந்து மறைந்தவற்றை மீண்டும் திரட்டிக் காட்டும் உயிரொன்று கடலிலேயே வாழ்கின்றது. பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு மட்டியே அது.

அப்பொருள்களுள் டி.டி.ரி. யாவரும் அறிந்தது. அதனை வெறும் நஞ்சென்று பழித்தல் நீதியன்று. 1946 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வீட்டுச் சுவர்களிலே தெளிக்கப்பட்ட அம்மருந்து மலேரியாவைப் பணியவைத்தது. 1963 இல் நாடெங்கும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேரே. ஆயின், அதன் சிறப்பே அதன் குறையுமாயிற்று. ஒருமுறை தெளித்தால் மாதக்கணக்கில் அழியாது நிற்பது சுவரிலே நன்மை. கடலிலே அதுவே தீமை. மின்மாற்றிகளின் எண்ணெயிற் பயன்பட்ட பீ.சீ.பீ. என்னும் பொருள்களும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. இவை நீரில் அரிதாகவே கரையும். கொழுப்பில் நன்கு கரையும். ஆதலின், நீரை விட்டு உயிர்களின் உடற்கொழுப்பை நாடிச் செல்கின்றன.

கடல்நீரையே ஒரு போத்தலில் அள்ளிச் சோதித்தால் என்ன என்று மாணவர் வினவலாம். நீரில் இவை கோடியில் ஒரு பங்கினும் மிகமிகக் குறைந்த அளவிலேயே உள்ளன. அன்றியும், இன்று அள்ளிய நீர் நாளை அவ்விடத்தில் இராது. மீனைப் பிடித்துச் சோதிப்போமெனின், அது எக்கரையில் இரைதேடி அந்நஞ்சைப் பெற்றது என்பதை யார் அறிவர்? மட்டியோ இருந்த இடத்தைவிட்டு அகலாதது. மணிக்கு ஒரு லீற்றர் அளவான நீரைத் தன் செவுள்வழியே செலுத்தி, அதிலுள்ள நுண்ணிரையை வடித்து உண்கின்றது. நீரோடு வந்த நஞ்சும் அதன் உடலிலே தங்கிவிடுகின்றது. அந்நஞ்சைச் சிதைத்து அகற்றுவதற்கு மீனுக்குள்ள ஆற்றல் மட்டிக்கு இல்லை. இதனால், சூழ்ந்துள்ள நீரிலிருப்பதைவிட ஆயிரம், பதினாயிரம் மடங்கு செறிவு அதன் தசையிற் சேர்கின்றது. சில திங்களின் கடல் வரலாறு ஈரோட்டினுள் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

இவ்வுண்மையைப் பயன்படுத்தி, 1965 முதல் 1972 வரை பிலிப் பட்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 15 கரையோர மாநிலங்களின் கழிமுகங்களிலிருந்து சிப்பிகளையும் மட்டிகளையும் பெற்றுப் பூச்சிகொல்லி எச்சங்களை ஆராய்ந்தார். 1975 இல் கலிபோர்ணியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிலையத்தைச் சேர்ந்த எட்வேட் கோல்ட்பேர்க், உலகக் கரைகள் யாவற்றிலும் இத்தகைய ‘மட்டிக் காவல்’ வேண்டுமென எடுத்துரைத்தார். 1986 முதல் அமெரிக்க அரசின் சமுத்திர வளிமண்டல நிருவாகம் அதனை நாடளாவிய தொடர்பணியாக்கியது.

அப்பணியின் முறை எளிது, ஆனால் கண்டிப்பானது. குறித்த இடத்திலே, குறித்த பருவத்திலே, குறித்த இனத்தையே எடுத்தல் வேண்டும். இனப்பெருக்க காலத்தில் மட்டியின் கொழுப்பும் அதனோடு நஞ்சின் ஒரு பகுதியும் வெளியேறிவிடும். ஆதலால் அதற்கு முற்பட்ட குளிர்காலமே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஓராண்டு மாரியிலும் மறு ஆண்டு கோடையிலும் எடுத்தால், மாறியது கடலா, மட்டியா என்று எவராலும் கூறமுடியாது.

இப்பொறுமையின் பயன் யாது? அமெரிக்கா 1972 இல் டி.டி.ரி.யின் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடைசெய்தது; 1970களின் இறுதியில் பீ.சீ.பீ. உற்பத்தியும் நின்றது. பின்னர் ஆண்டாண்டாகத் திரட்டிய மட்டிகளில் இவ்விரண்டின் அளவும் படிப்படியாகக் குறைந்துவந்தமை புலனாயிற்று. சட்டம் வீண்போகவில்லை என்பதற்கு வாயில்லாச் சீவன் சான்று கூறிற்று. எனினும், அவை அடியோடு அற்றுப்போகவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் கழிவுக்குழாய் வழியாக 1950களின் பிற்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை ஏறக்குறைய 1,700 தொன் டி.டி.ரி. கடலிற் சேர்ந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதன் எச்சம் கடலடிச் சேற்றில் இன்றும் கிடக்கின்றது. ஒரு தலைமுறை கொட்டியதைப் பின்வரும் தலைமுறைகள் சுமக்கின்றன.

ஆசியக் கரைகளில், யப்பானின் எஹிமே பல்கலைக்கழகப் பேராசிரியர் சின்சுகே தனாபேயும் அவர்தம் குழுவினரும் 1990களில், வெப்பக் கடல்களுக்குரிய பச்சை மட்டியைக் கொண்டு இவ்வாராய்ச்சியைப் பல நாடுகளில் மேற்கொண்டனர். அழியா நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்ரொக்கோம் உடன்படிக்கை 2001 இல் உருவாகி, 2004 இல் நடைமுறைக்கு வந்தது. 2005 இல் இலங்கையும் அதனை ஏற்றுக்கொண்டது. நோய் பரப்பும் நுளம்பை ஒழிக்கும் தேவைக்கு மட்டும் டி.டி.ரி.க்கு அது விலக்களித்துள்ளது.

மட்டியில் எச்சம் உண்டு என்று கேட்டவுடன் மட்டிக்கறியை அஞ்சி ஒதுக்கவேண்டியதில்லை. உண்டா, இல்லையா என்பதிலும், எவ்வளவு உண்டு, கூடுகின்றதா, குறைகின்றதா என்பதே கேட்கத்தக்க வினா. அதற்கு விடையளிப்பது அச்சமன்று, அளவீடு.

விஞ்ஞானம் என்றதும் புதியன காண்பதையே மாணவர் எண்ணுவர். ஆண்டுதோறும் ஒரே பாறைக்குச் சென்று, ஒரே இன மட்டியை எடுத்து, ஒரே வினாவை மீண்டும் மீண்டும் கேட்பதும் விஞ்ஞானமே. புகழ் தராத அப்பணியைச் சில ஆண்டுகள் கைவிட்டால், கழிந்த ஆண்டுகளின் கடலைப் பின்னர் எவரும் அள்ளி ஆராய இயலாது. காவலில்லாத கரையை நஞ்சில்லாத கரையென்று கொள்ளற்க. அங்கும் மட்டிகள் தம் கணக்கை எழுதிக்கொண்டே இருக்கின்றன, படிப்பாரைத்தான் காணோம்.