கூட இருந்து பார்த்துக்கம்மா

ராத்திரி பதினொன்றேகால் மணிக்கு என் போனில் ஒரு ஓடிபி வந்து விழுகிறது. நான் எதையும் வாங்கவில்லை, எங்கேயும் பணம் கட்டவில்லை. அடுத்த நிமிடமே வாட்ஸப்பில் செய்தி: "அக்கா, ஆறு நம்பர் வந்ததா?" விருந்தினர் விடுதியில் பசியோடு உட்கார்ந்து சாப்பாடு வரவழைக்கப் பார்க்கிற ஜெர்மன் மாணவி. தூக்கக் கலக்கத்தில் எண்களைத் தட்டி அனுப்புவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மறுபடி ஒன்று வருகிறது.

அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாஸ்போர்ட் நகல், விசா நகல், புகைப்படம், உள்ளூர் ஆள் ஒருவரின் நம்பர் என்று எல்லாம் கொடுத்தும் அவளுடைய சிம் கார்டு வேலை செய்ய ஒன்பது நாளாயிற்று. அந்த ஒன்பது நாளும் இந்தச் சென்னையில் அவளுக்கென்று இருந்த ஒரே நம்பர் என்னுடையது. டீக்கடையில் க்யூஆர் அட்டையைக் காட்டினால் நான்தான் ஸ்கேன் பண்ண வேண்டும். அவளிடம் இந்திய வங்கிக் கணக்கு கிடையாது.

என் கோபமெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தின்மேல்தான். "நீ கொஞ்சம் கூட இருந்து பார்த்துக்கம்மா." வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உதவித்தொகை இல்லை. சனி, ஞாயிறு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் மெஸ் பில் கட்டுகிறேன். இந்த இரண்டு வருடத்தில் எங்கள் கல்லூரிக்கு வந்த வெளிநாட்டு மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வழிகாட்டி நான். எழுத்தில் ஒரு ஆணை கிடையாது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று யாரும் சொன்னதும் கிடையாது.

வெளிநாட்டவர் ஓர் இடத்தில் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சி ஃபார்ம் என்பார்கள். தங்க இடம் கொடுப்பவர் போட வேண்டியது அது. எங்கள் விருந்தினர் விடுதியில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விடுதிக்காரரை எழுப்பி, பாஸ்வேர்டு தேடி, நானே உட்கார்ந்து நிரப்பினேன். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர்கள் 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்துவிடலாம், விதியில் குழப்பம் இல்லை. அதற்குக் கல்லூரி தர வேண்டிய போனஃபைடு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில். நான் மேசை மேசையாக அலைந்தேன், பன்னிரண்டாம் நாள் கையெழுத்துக் கிடைத்தது. இரண்டு நாள் தவறியிருந்தால் விளக்கம் எழுதிக்கொண்டு நின்றிருக்க வேண்டியவள் அந்த ஜெர்மன் பெண். இருபத்தோரு வயது, முதல்முறையாக வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தவள்.

பணம் வேறு. மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய் டிக்கெட், வெளிநாட்டவருக்கு 600. மூன்று பேரை அழைத்துப்போன அன்று என் கையிலிருந்து 1,800 ரூபாய் போனது. பில்லைக் கொடுத்தேன். பணம் வர நாலு மாதம். ஆட்டோவுக்குக் கொடுத்தது வரவே இல்லை, ஆட்டோக்காரர் ரசீது தரமாட்டாரே. விடியற்காலை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் போய் நிற்கும் நாட்களில் டியூஷனும் போகிறது. ஒரு மாதம் இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் வேறு டீச்சர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லையே, அதுதான் ஆறவில்லை.

போன வருடம் ஜப்பானிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கல்வெட்டுப் படிக்கிறவர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டியல் கற்று, சோழர் வரலாற்றையே புதிதாகப் பார்க்க வைத்த நொபோரு கராஷிமாவின் புத்தகங்களைப் படித்து இந்தத் துறைக்கு வந்ததாகச் சொன்னார். என்னிடம் ஏட்டுத் தமிழில், நிறுத்தி நிறுத்தி, 'நீங்கள்' போட்டுத்தான் பேசுவார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தஞ்சாவூரில் இரண்டு முழு நாள். அலுவலகம் போட்டுக் கொடுத்த திட்டத்தில் காஞ்சிபுரம் பட்டுக் கடை இருந்தது, கிராமிய நடனம் இருந்தது, பொன்னாடை போர்த்தும் விழா இருந்தது. தஞ்சாவூருக்கு மூன்று மணி நேரம்.

காலை ஏழு மணிக்குப் பெரிய கோயிலுக்குள் நுழைந்தோம். பேராசிரியர் விமானத்தின் அடித்தளத்தை ஒட்டி நின்று, கல்லைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி விரலை ஓட்டிக்கொண்டே வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக. பக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு ஒருவர், இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பேராசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. விமானத்தின் நிழல் முற்றத்துக் கல்தளத்தில் நீளமாகப் படுத்திருந்தது, நாங்கள் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தோம். 1010-இல் கட்டி முடித்த கோயிலைப் பற்றிச் சொல்ல உண்மையே அவ்வளவு இருக்க, பொய் எதற்கு என்று எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டைப் பற்றி அவர் சொன்னது அன்றைக்குத்தான். எனக்குப் பாடத்தில் தெரியும், ஆனால் அவர் சொன்ன விதம் வேறு. ராஜராஜன் இந்தக் கோயிலுக்குப் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஆடல் மகளிர் நானூறு பேரைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். அந்த நானூறு பேரும் கல்லில் இருக்கிறார்கள். எந்த வரிசை, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று தனித்தனியாக. ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கணக்கு எழுதியவர்கள், தையல்காரர், நாவிதர் எல்லோருக்கும் பங்கு உண்டு. "வேலை செய்தவர் பெயரை எழுதியிருக்கிறார்கள். இதற்காகத்தான் நான் வந்தேன்" என்றார். அவர்களெல்லாம் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நானூறு பெயர் என் மனதை விட்டு இறங்கவே இல்லை.

மூன்று மணி நேரம் முடிந்தது, அவர் நகரவில்லை. நான் கிளப்பவும் இல்லை. டிக்கெட்டை ரத்து செய்து மறுநாளும் இருந்தோம். பொன்னாடை விழா தள்ளிப்போயிற்று. திரும்பி வந்ததும் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத மனம் வரவில்லை. கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும்போது வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த எண்ணிக்கையும் மாலை போட்ட புகைப்படமும் கிடைத்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேலை முடிந்தது. வந்தவர் என்ன படித்தார், எதைப் பார்க்காமல் திரும்பினார் என்று ஒரு வரி எங்கேயும் பதிவாகவில்லை.

தான்சானியாவிலிருந்து வந்து இங்கே எம்.எஸ்சி. படிக்கும் மாணவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மாலையும் போடவில்லை, வழிகாட்டியும் போடவில்லை. அவரும் வெளிநாட்டு மாணவர்தானே? நானாகத்தான் கூடப் போனேன். வேளச்சேரியில் ஒரே நாளில் ஐந்து வீடு பார்த்தோம். போனில் "வாங்கம்மா, காலியாத்தான் இருக்கு" என்ற வீட்டம்மா, அவரை வாசலில் கண்டதும் "நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டோமே" என்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. தெருமுனைக்கு வந்ததும் என்னிடம் "மன்னிக்கவும், உங்கள் ஞாயிற்றுக்கிழமை வீணாகிவிட்டது" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கல்லூரி வெளிநாட்டுக் கல்லூரிகளோடு போட்ட ஒப்பந்தத்தில் மாணவர் பரிமாற்றம் என்று எழுதியிருக்கிறது. பரிமாறுவதென்றால் இந்தப் பக்கத்திலிருந்தும் போக வேண்டாமா? ஜெர்மன் மாணவி ஊருக்குக் கிளம்பும்போது "அக்கா, அடுத்து நீங்கள் வர வேண்டும், என் வீட்டில் தங்கலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசைப்பட்டு விசாரித்தேன். அங்கே படிப்புக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் விசாவுக்கு மாதத்துக்கு 992 யூரோ வீதம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு நம் பணத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது, விமான டிக்கெட் தனி. மன்னார்குடிப் பக்கம் ஒரு மா நிலம் வைத்திருக்கும் அப்பாவிடம் இதை வாயெடுத்துச் சொல்லவும் முடியவில்லை. உதவித்தொகையோடு சேர்த்து ஒப்பந்தம் போடும் கல்லூரிகள் உண்டு. நம் ஒப்பந்தத்திலும் அதைச் சேர்க்கக் கூடாதா என்று அலுவலகத்தில் கேட்டேன். "முதல்ல வர்றவங்களைப் பார்த்துக்கம்மா" என்றார்கள்.

போன மாதம் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வழிகாட்டி வேலைக்கு மணிக்கணக்குப் போட்டு ஒரு தொகை தாருங்கள், செலவுக்கு முன்பணம் தாருங்கள், வருகிறவரிடம் என்ன பார்க்க விருப்பம் என்று ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள், எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒருவர் கூடப் போகட்டும். செய்தவர் பெயரை ஆண்டறிக்கையில் எழுதுங்கள் என்றும் கேட்டேன். இந்த வேலை எனக்குப் பிடித்த வேலை, அதனால்தான் கேட்கிறேன் என்று கடைசியில் எழுதியிருந்தேன்.

பதில் இல்லை. நேற்று அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை விடியற்காலை 3.20-க்கு ஒரு பேராசிரியர் வந்து இறங்குகிறாராம், உன் நம்பரைக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அவர் எந்தத் துறை என்று கேட்டேன், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். விருந்தினர் விடுதிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.