என்.எல்.சி பத்தி கருத்துக் கட்டுரை எழுதப் போறீங்களா? முதல்ல கேள்வியைச் சுருக்குங்க

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியது. அந்த வீடியோவை நீங்களும் ஃபார்வர்ட் பண்ணியிருப்பீங்க.

விருத்தாசலம் பக்கம், நல்லூர் மாதிரி ஊரில் உட்கார்ந்து இதைப் பத்தி எழுதுறது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒருத்தருக்கு நிலம், இன்னொருத்தருக்கு நெய்வேலியில் கான்ட்ராக்ட் வேலை. சில வீட்டில் ரெண்டும் உண்டு.

"என்.எல்.சி வேணுமா, வேண்டாமா?" என்று ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே படுத்துடும். 1956-ல் தொடங்கி, தென் மாநிலங்களுக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தின் கணக்கை 600 வார்த்தையில் முடிக்க முடியாது. கேள்வி இப்படி இருக்கட்டும்: கையகப்படுத்திய நிலமே ஆனாலும், நிற்கிற பயிரை அழிக்கலாமா? உங்கள் பதிலை இரண்டாவது பத்தியிலேயே சொல்லிடுங்க. போனில் படிக்கிறவர் கடைசி வரை காத்திருக்க மாட்டார்.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். எதிர்த்தரப்பின் சொத்தை வாதத்தைத் தேடிப்பிடிச்சு அடிக்கிறது. என்.எல்.சி சொன்னதில் பலமானது எது? 2006 முதல் 2013 வரை நிலத்தை எடுத்தாச்சு, பயிர் வைக்காதீங்கன்னும் சொல்லியாச்சு, கால்வாய் தாமதமானால் மின் உற்பத்தி பாதிக்கும். இதை அவங்களே படிச்சாலும் "ஆமா, இதைத்தான் சொன்னோம்" என்று தலையாட்டணும். அதை கட்டுரையின் நடுவில் வையுங்க. பதில் அதுக்குப் பின்னாடி வரட்டும்.

என் பதில் இது: பத்து வருஷம் கையில் எடுக்காத நிலத்துக்கு, அறுவடை வரைக்கும் பொறுக்க முடியாதா?

ஆதாரம் காட்டும்போது வெட்டி ஒட்டாதீங்க. பாதிக்கப்பட்ட பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அறுவடை முடிந்ததும் நிலத்தை ஒப்படைக்கச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். முதல் பாதியை மட்டும் போட்டால், இரண்டாவது பாதியை கமென்ட்டில் யாராவது கொண்டுவந்து போடுவார். அதுக்கப்புறம் உங்க மத்த வரிகளையும் சந்தேகமாத்தான் படிப்பாங்க.

எழுதி முடிச்சதும், சுரங்க வேலைக்குப் போற உறவுக்காரர் ஒருத்தரிடம் படிச்சுக் காட்டுங்க. எந்த வரியில் முகம் சுளிக்கிறார்னு பாருங்க. அந்த வரியைத்தான் திருப்பி எழுதணும்.