தனித் தட்டு வேண்டாம்



எங்கள் தோட்டத்தில் பால் வெட்டி வந்த ஓர் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். 3 வாரத்துக்கு ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். அவர் என்னிடம் வந்து அழுதது வாந்திக்காகவோ வலிக்காகவோ அல்ல. “ஐயா, வீட்டுல எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேத்தியைக்கூடக் கிட்ட விடமாட்டேங்கிறாங்க” என்றார்.

புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. சேர்ந்து சாப்பிட்டாலும் கட்டிப்பிடித்தாலும் ஒட்டாது. உண்மையில் தள்ளியிருக்க வேண்டியவர் சளி, இருமல் உள்ளவர்தான். மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் நோயாளிக்கு இரத்தத்தில் வெள்ளையணு குறையும். சின்னக் கிருமியும் பெரிய ஆபத்து. 38 டிகிரி காய்ச்சல் கண்டால், பனடால் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மருந்து ஏற்றிய முதல் 48 மணி நேரம் வாந்தி, மூத்திரத்தைச் சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். கை கழுவுவதை யாரும் மறக்கக் கூடாது. இவ்வளவுதான் பத்தியம். பாசத்துக்குப் பத்தியம் கிடையாது.

இதை அவர் மகனிடம் எடுத்துச் சொன்னேன். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, அம்மா வாசலில் உட்கார்ந்து பேத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். அவர் தலையில் முடியில்லை. “என் முடி பிறகு வளரும் ஐயா, இப்போ இவ முடி போதும்” என்று சிரித்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இன்று ராத்திரியே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.